காற்று வாங்க வருபவர்களுக்கு ஒரு வீடு

1

பக்கத்துக் கடை லிம் கடிகாரம் பழுது பார்ப்பவர். அவர் கடைக்கும் என் கைலிக் கடைக்கும் நடுவில் ஒரே சுவர்தான். இந்தப் பினாங்குக்கு வந்து பதினெட்டு வருஷமாக அவர் பக்கத்து டிக் டிக் சத்தத்தைக் கேட்டபடியேதான் நான் கைலி மடிக்கிறேன். போன வெள்ளிக்கிழமை தொழுகைக்காகக் கடையைச் சாத்தும்போது, கண்ணில் இடுக்கியிருந்த கண்ணாடியை அவர் கழற்றி வைத்துவிட்டு என்னிடம் ஒரு யோசனை கேட்டார்.

இங்கே ஊருக்குப் பின்னால் ஒரு மலை இருக்கிறது. மேலே போக ரயில் உண்டு. அந்த மலையில் ஒரு பங்களாவில் பாதிப் பங்கு விலைக்கு வருகிறதாம். லீவு நாளில் வருகிறவர்களுக்கு வாரக் கணக்கில் வாடகைக்கு விடலாம். அல்லது அதே பணத்துக்குக் கீழே பஜாரில் ஒரு கடை வாங்கி மாத வாடகைக்கு விடலாம். எது மேல்? "உனக்குத்தான் இந்தியாவில் மலை மேல் வீடு இருக்கிறதே, நீ சொல்" என்றார்.

எனக்குப் பெருமையாக இருந்தது. பதினெட்டு வருஷத்தில் லிம் என்னிடம் எதற்கும் யோசனை கேட்டதில்லை. மழை வருமா என்றுகூடக் கேட்டதில்லை. ஆனால் ஒரு கோப்பைக் காப்பி குடிக்கும் நேரத்தில் சொல்லக்கூடிய பதிலா அது? திங்கட்கிழமை சொல்கிறேன் என்று தப்பித்தேன். அவருக்குச் சொல்வதற்கு முன்னால் உங்களுக்குச் சொல்லிப் பார்க்கிறேன். ஊரில் இருக்கிற உங்களில் சிலருக்கும் இப்படி ஒரு ஆசை இருக்கலாம்.

மலாய் பாஷையில் உல்லாசமாக ஊர் சுற்றப் போவதை 'காற்றுத் தின்பது' என்பார்கள். நாம் காற்று வாங்குகிறோம், இவர்கள் தின்கிறார்கள். வாங்குகிறவர்களை நம்பி ஒரு வீடு வாங்கினேன் என்பதுதான் விஷயம்.

2

ஐம்பத்தைந்தாம் வருஷம் ஆறு மாத லீவில் நானும் என் மனைவி கதீஜாவும் மகள் ஜமீலாவும் நாகப்பட்டினத்தில் கப்பல் இறங்கிப் பாலக்காடு வந்தோம். கையில் சேர்த்த பணம் கொஞ்சம் இருந்தது. அதை எதில் போடுவது என்று பாலக்காட்டில் பெரிய ஆராய்ச்சி நடந்தது. ஆராய்ச்சிக்குத் தலைவர் கதீஜாவின் அண்ணன் அனிபா மச்சான். அவருக்குப் பெரிய அங்காடியில் அரிசிக் கடை.

வயல் வாங்குவதை அவர் முதலிலேயே தள்ளிவிட்டார். குத்தகைக்கு விட்டால் குடியான் இறங்கமாட்டான், சட்டம் அவன் பக்கம் வரப்போகிறது என்றார். அவர் சிபாரிசு 'கடைமுறி'. அங்காடியில் மூன்று அறைகள் விலைக்கு இருந்தன. மூன்றிலும் ஆள் இருந்தது. மாதம் ஐந்தாம் தேதி வாடகை வந்துவிடும்.

"அந்த வாடகையை எப்போ கூட்டலாம்?" என்று கேட்டேன்.

"கூட்ட முடியாது மச்சான். ஆனா நிக்காது" என்றார்.

கதீஜாவுக்குப் பாலக்காட்டை அடுத்த சித்தூர்ப் பக்கம் பிறந்த வீடு. அவள் யோசனை வேறு. ஒலவக்கோட்டில் ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு காலி மனை வாங்கிச் சும்மா போட்டு வைக்கலாம் என்றாள். காலி மனைக்குக் கூரை மாற்ற வேண்டாம், வெள்ளை அடிக்க வேண்டாம், அது யாரோடும் சண்டை போடாது என்பது அவள் கட்சி.

நான் இரண்டு பேரையும் பார்த்துச் சிரித்தேன். பினாங்கு மலையில் ஒரு வார வாடகையாக வெள்ளைக்காரன் கொடுப்பதை நான் பார்த்திருக்கிறேன். அங்காடியில் ஒரு கடைமுறிக்கு இரண்டு மாதத்தில் வருவது அங்கே ஏழு நாளில் வந்துவிடும். இதில் இன்னொரு வசதியும் இருக்கிறது என்று அனிபா மச்சானிடம் விளக்கினேன். மாத வாடகைக்கு வருகிறவனை எப்படி வெளியே அனுப்புவது என்று வக்கீலைக் கேட்க வேண்டும். வார வாடகைக்கு வருகிறவன் பெட்டியைக் கட்டிக்கொண்டு தானே போய்விடுவான்.

"தானே போறவன் தானே வருவானா?" என்று கேட்டார் மச்சான். அதை நான் காதில் வாங்கவில்லை.

போடிமெட்டில், சுங்கச் சாவடியைத் தாண்டி ஒரு மைலில், ரோட்டை ஒட்டி ஒரு தகரக் கூரை வீடு. போடியைச் சேர்ந்த ஏலக்காய் வியாபாரி ஒருவர் கட்டியது. நான்கு அறை, இரண்டு கணப்பு அடுப்பு, பின்பக்கம் சமையல்கட்டும் அதை ஒட்டி ஒரு சின்ன அறையும். முன் வராந்தாவில் நின்றால் கீழே போடிச் சமவெளி முழுவதும் தாம்பாளத்தில் வைத்த மாதிரித் தெரிந்தது. நாங்கள் போன அன்று தெரிந்தது என்று திருத்திச் சொல்ல வேண்டும். விலை பேசி முடித்தேன்.

போடிச் சந்தையில் நான் வீட்டுக்குச் சாமான் வாங்கும்போது கதீஜா ஒரு சாய்வு நாற்காலியைக் காட்டிக் கேட்டாள்.

"ஏனுங்க, வாடகைக்கு உடற ஊட்டுக்கு எதுக்குங்க உங்க முதுகு அளவு பாத்து நாற்காலி வாங்கறீங்க?"

வருகிறவர்களில் என் உயரத்துக்கு யாராவது இருக்கமாட்டார்களா என்றேன்.

3

சமையலுக்கும் காவலுக்கும் பேச்சியம்மா என்ற அம்மாளை வைத்தேன். திருநெல்வேலிப் பக்கத்துக் குடும்பம். அவருடைய அப்பா காலத்தில் தேயிலைத் தோட்டத்துக்கு வந்தவர்கள். தோட்டத்துத் துரை பங்களாவில் பத்து வருஷம் சமைத்தவர். வருகிறவர்களை ஏற்பாடு செய்வதும் முன்பணம் வாங்குவதும் அனிபா மச்சான் பொறுப்பு. முணுமுணுத்துக்கொண்டே ஒப்புக்கொண்டார்.

நாங்கள் பினாங்கு திரும்பினோம். அதற்குப் பிறகு என் மாதக் கடைசி எல்லாம் மச்சான் கடிதத்துக்குக் காத்திருப்பதில் கழிந்தது. காலையில் கடை திறப்பேன், கைலியைத் தொங்கவிடுவேன், தபால்காரன் வரும் திசையைப் பார்ப்பேன். ஜமீலா அப்போது இங்கிலீஷ் பள்ளிக்கூடத்தில் சேர்ந்திருந்தாள். வீட்டில் தமிழில் கேட்டால் இங்கிலீஷில் பதில், இங்கிலீஷில் கேட்டால் மலாயில் பதில். கடிதத்தை உரக்கப் படிக்கச் சொன்னால் எழுத்துக் கூட்டிப் படிப்பாள். "இந்த மாசம் கூரை பறந்தது" என்பதை "கூரை பிறந்தது" என்று படித்து, அதற்குள் நான் சந்தோஷப்பட்டும் விட்டேன்.

கூரை உண்மையில் பறந்தது. ஆனி, ஆடி மாதக் காற்றில் ஆறு தகரங்கள். எனக்கு இந்த மலையைப் பற்றி யாரும் சொல்லவில்லை என்று சொன்னால் பொய். பேச்சியம்மா சொன்னார், நான் அதையும் காதில் வாங்கவில்லை. சித்திரை வைகாசியில் ஆறு வாரம், மார்கழி லீவில் இரண்டு வாரம். அவ்வளவுதான் அந்த வீட்டுக்கு வருஷம். மீதி மாதங்களில் மழையும் காற்றும் பேச்சியம்மாவும்தான் குடியிருப்பு.

வந்தவர்களோ ஒவ்வொருவரும் ஒரு ரகம். நாலு கட்டிலுக்குப் பதினொரு பேரை அழைத்து வந்த மதுரை வக்கீல் ஒருவர், கட்டில் போதவில்லை என்று வாடகையில் கழித்துக்கொண்டார். கல்பாத்தி அக்ரஹாரத்திலிருந்து வந்த பேங்க் உத்தியோகஸ்தர் குடும்பம் அரிசி, பாத்திரம், ஊறுகாய் தவிர ஆற்றுத் தண்ணீரையும் குடத்தில் கொண்டு வந்தது. பேச்சியம்மாவிடம் கேட்டது உப்பு ஒன்றுதான். திருச்சியிலிருந்து வந்தவர்கள் அட்டைப்பூச்சியைப் பார்த்துவிட்டு மறுநாளே இறங்கிவிட்டார்கள். போகும்போது இரண்டு கம்பளியும் கூடவே இறங்கின.

எல்லோருக்கும் பொதுவான குறையைப் பேச்சியம்மா தபால் ஆபீஸ்காரரைக் கொண்டு எனக்கு எழுதியிருந்தார். "வாரவுக எல்லாம் மேகத்தப் பாக்கணும்னு வாராக. மேகம் வந்தா, மலை தெரியலன்னு கோவிக்காக. நான் என்ன செய்ய அய்யா?"

இதே சமயத்தில் அனிபா மச்சான் அந்த மூன்று கடைமுறிகளில் ஒன்றைத் தானே வாங்கியிருந்தார். ஒவ்வொரு கடிதத்தின் அடியிலும், கேட்காமலே, ஐந்தாம் தேதி வாடகை வந்துவிட்டது என்று ஒரு வரி இருக்கும்.

4

இந்த வருஷம் சித்திரையில் மறுபடி லீவு எடுத்தோம். இதற்குள் தேசம் மாறிவிட்டது. முன்பு நாங்கள் வந்தபோது பாலக்காடு சென்னை மாகாணத்தில் இருந்தது. போடிமெட்டு வீடு திருக்கொச்சியில் இருந்தது. இப்போது இரண்டும் கேரளம். போடி மட்டும் சென்னையிலேயே நின்றுவிட்டது.

என் வீட்டில் ஒரு மாதம் தங்கலாம் என்று ஆசையாகப் போனேன். மச்சான் சித்திரை முழுவதும் முன்பணம் வாங்கிவிட்டிருந்தார். சீசனில் வீட்டைச் சும்மா போட்டால் பிறகு எப்போதுதான் சம்பாதிப்பது என்று கேட்டார். நியாயம்தான். சம்பாதிக்கிற நாளில் உடைமைக்காரன் தங்க முடியாது. உடைமைக்காரன் தங்கக்கூடிய நாளில் அங்கே மனிதன் இருக்க முடியாது. லிம்முக்குச் சொல்ல வேண்டிய முதல் விஷயம் இதுதான் என்று நினைக்கிறேன்.

ஆகவே நாங்கள் மூன்று பேரும் சமையல்கட்டை ஒட்டிய சின்ன அறையில் பேச்சியம்மாவுடன் தங்கினோம். முன்பக்கம் கோயம்புத்தூரைச் சேர்ந்த ஓய்வுபெற்ற தாசில்தார் ஒருவரும் அவர் மனைவியும் ஒரு வாரத்துக்கு வந்திருந்தார்கள். முதல் நாள் காலையில் பேச்சியம்மாவுக்குக் கை ஒழியவில்லை என்று நான் வெந்நீர்ப் பானையைத் தூக்கிக்கொண்டு போனேன். கைலி கட்டி, பழைய ஸ்வெட்டர் போட்டிருந்தேன். தாசில்தார் என்னை மேலும் கீழும் பார்த்து, "புதுசா வந்தவனா?" என்றார். ஆமாம் என்றேன். புதிதாகத்தானே வந்திருந்தேன்.

அன்றிலிருந்து நான் வேலைக்காரன். ஷூ துடைக்க வைத்தார். கணப்பில் விறகு போட வைத்தார். என் சாய்வு நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்துகொண்டு, நான் நிற்க, எனக்கே முதலீடு சொல்லிக் கொடுத்தார்.

"உன்ற மொதலாளி யாரப்பா? பினாங்குக்காரனா? மடையன். இத்தன பணத்த மேகத்துல கொண்டாந்து போட்டிருக்கறான். நாலு கடை கட்டி வாடகைக்கு உட்டிருந்தா ராசா மாதிரி இருப்பான்."

சொல்லிவிடுகிறேன் ஐயா என்றேன். பின்னால் சமையல்கட்டில் கதீஜா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தது எனக்குக் கேட்டது.

ஜமீலாவும் தன் பங்குக்கு ஒரு காரியம் செய்தாள். தாசில்தார் மனைவி வராந்தாவில் அவளிடம் அன்பாகப் பேச்சுக் கொடுத்தபோது, மலாயை அப்படியே தமிழாக்கி, "நீங்க காத்துத் தின்ன வந்தீங்களா?" என்று மரியாதையாகக் கேட்டிருக்கிறாள். அந்த அம்மாள், காலையில் இட்லி வர நேரமானதைத்தான் குத்திக் காட்டுகிறாள் என்று நினைத்துப் பேச்சியம்மாவிடம் விசாரித்தார்.

5

ஐந்தாம் நாள் மத்தியானம் இடியோடு மழை பிடித்தது. தோட்டத்துக் கூலிக் குடியிருப்பான லயத்திலிருந்து நாலு பேர் ஒரு கம்பளியில் மூங்கில் செருகித் தூளி மாதிரி ஒரு பெண்ணைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். பேச்சியம்மாவின் தம்பி மகள் செல்லி, தலைப்பிரசவம். நாள் இருக்கிறது என்று இருந்தவளுக்கு வலி வந்துவிட்டது. போடி ஆஸ்பத்திரிக்கு பஸ்ஸில் கொண்டுபோகலாம் என்று ரோட்டுக்கு வந்தால், பஸ் கொண்டை ஊசி வளைவில் நின்றுவிட்டதாம். தோட்டத்தில் மருந்து கொடுக்கும் கம்பவுண்டர் உண்டு. பிரசவம் பார்க்க யாரும் கிடையாது.

எங்கள் சின்ன அறையில் நாங்கள் படுத்தாலே கால் நீட்ட இடமில்லை, கூரையும் ஒழுகிக்கொண்டிருந்தது. முன்பக்கம் பெரிய அறை, கட்டில், கணப்பில் நெருப்பு எல்லாம் இருந்தன. கதவு சாத்தியிருந்தது. தாசில்தார் சாப்பிட்டுவிட்டுத் தூங்கிக்கொண்டிருந்தார்.

நான் கதவுக்கு முன்னால் போய் நின்றேன். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், தட்டக் கை வரவில்லை. ஏழு நாளைக்கு அவரிடம் பணம் வாங்கியிருக்கிறோம். ஏழு நாளைக்கு அது அவருடைய வீடு. இந்தக் கணக்கெல்லாம் நான்தானே மச்சானுக்கு விளக்கியது? செல்லி வராந்தாத் தரையில் பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தாள். கதீஜா என் பக்கத்தில் வந்தாள்.

"இது யாரு ஊடுங்க?" என்றாள். சத்தம் போடாமல்தான் கேட்டாள்.

தட்டினேன். தாசில்தார் கதவைத் திறந்தார். விஷயத்தைச் சொன்னேன்.

"ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோறத உட்டுட்டு இங்க எதுக்கு வந்தாங்க? நாங்க அமைதியா இருக்கோணும்னு பணம் கட்டி வந்திருக்கறோம்" என்று ஆரம்பித்தார்.

அவருக்குப் பின்னால் அவர் மனைவி எட்டிப் பார்த்தார். வராந்தாவில் கிடந்தவளை ஒரு தடவை பார்த்தார். பிறகு கணவரைப் பார்த்து, "நீங்க சமையக்கட்டுல போயி உக்காருங்க" என்றார். முப்பது வருஷம் தாலுகாவை ஆண்ட மனிதர் சால்வையை எடுத்துக்கொண்டு வெளியே வந்தார். பெண்கள் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்கள்.

அவரும் நானும் சமையல்கட்டில் அடுப்பு முன்னால் உட்கார்ந்து வெந்நீர் போட்டோம். தகரத்தில் மழை விழுகிற சத்தத்தில் உள்ளே என்ன நடக்கிறது என்று ஒன்றும் தெரியவில்லை. அவர் விறகைத் தள்ளினார், நான் ஊதினேன். தனக்கு மூன்று பிள்ளைகள் என்றும், மூன்று தடவையும் தான் முகாமில் இருந்ததாகவும் அவராகவே சொன்னார். அந்த நேரம் ஜமீலா ஓடி வந்தாள்.

"அத்தா, அம்மா கேக்கறாங்க, நம்ம வீட்டு நல்ல போர்வை எல்லாம் எடுக்கலாமா?"

எடு என்றேன். தாசில்தார் கையில் விறகோடு என்னைப் பார்த்தார்.

"இது உங்க ஊடுங்களா?" 'நீ' அங்கேயே 'நீங்க' ஆகிவிட்டது. "நான் மடையன்னு வேற சொன்னனே."

"யோசனை சரிதானுங்க" என்றேன்.

சாயந்திரம் மழை விட்டபோது பெண் குழந்தை பிறந்தது. நல்ல குரல். போடிச் சமவெளியிலேயே கேட்டிருக்கும். தாசில்தார் தம்பதி மிச்ச இரண்டு நாளும் எங்களோடு சமையல்கட்டில் உட்கார்ந்துதான் சாப்பிட்டார்கள். செல்லியும் குழந்தையும் பெரிய அறையில் இருந்தார்கள். வாடகையில் அவர் எதையும் கழிக்கவில்லை. என் சாய்வு நாற்காலியில் மட்டும் பிறகு உட்காரவே இல்லை. எவ்வளவு சொல்லியும் கேட்கவில்லை.

6

பத்து நாள் கழித்துத் தோட்டத்து மானேஜர் வந்தார். சுற்றிலும் நாலைந்து தோட்டத்து லயங்களுக்கு நடுவில், ரோட்டை ஒட்டி இருப்பது இந்த ஒரு வீடுதான். ஒரு நர்ஸம்மாவை நியமித்து, நாலு கட்டில் போட்டுப் பிரசவத்துக்கு வைத்துக்கொள்கிறோம், மூன்று வருஷத்துக்கு எழுதிக் கொடுங்கள் என்றார். சொன்ன வருஷ வாடகை, நல்ல சீசனில் ஆறு வாரத்தில் வருவதைவிடக் குறைவு. கூரை ரிப்பேர் அவர்கள் பொறுப்பு.

அனிபா மச்சானுக்கு எழுதினேன். எழுதிக் கொடுத்தால் பிறகு அவர்களை இறக்கவே முடியாது, இப்போதே விற்றுவிட்டுக் கடைமுறி வாங்கு என்று பதில் வந்தது. நான் மூன்று நாள் வராந்தாவில் நடந்தேன். லாபம் குறைவு, சட்டம் சரியில்லை, கட்டில் எல்லாம் கெட்டுவிடும் என்று கதீஜாவிடம் ஒவ்வொரு காரணமாகச் சொன்னேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அவள் உண்மையான காரணத்தைத் தானே எடுத்து வெளியே வைத்தாள். வாடகைக்கென்று நான் இந்த வீட்டை வாங்கவில்லை. வயதான காலத்தில் வந்து உட்காரத்தான் வாங்கினேன். அது அவளுக்குப் போடிச் சந்தையிலேயே தெரியும். ஆனால் இந்தக் குளிரில் அவள் முழங்கால் என்னாகும் என்று நான் கேட்கவில்லை. ஜமீலா வருவாளா என்றும் கேட்கவில்லை. அந்தப் பெண் இப்போதே இரண்டு வாரமாகப் பினாங்குக்கு எப்போது போகிறோம் என்று, ஊருக்கு எப்போது போகிறோம் என்ற வார்த்தையில், கேட்டுக்கொண்டிருக்கிறாள்.

"நீங்க என்ன கேட்டீங்க? வர்றவங்க தானே போயிடணும்னு கேட்டீங்க" என்றாள். "இவங்களும் மூணு நாள்ல புள்ளையத் தூக்கிட்டுத் தானே போயிடுவாங்க. குடுத்துடலாமுங்க."

மறுநாள் மானேஜருக்கு ஆள் அனுப்பினேன்.

மூன்று வருஷ ஒப்பந்தம் என்பதால் ரிஜிஸ்தர் செய்ய வேண்டும். ஆபீஸில் எல்லாம் மலையாளம். பத்திரம் எழுதும் குமாஸ்தா நல்ல மனிதர், ஆனால் ஒரு கேள்வியை மூன்று தடவை கேட்கிறவர். அந்த வீட்டில் முன்பே குத்தகைக்கு ஆள் வைத்திருக்கிறதா என்ற அர்த்தத்தில், "குடியான் உண்டோ?" என்றார். நான் வாய் திறப்பதற்குள் ஜமீலா, "எங்க அத்தா குடிக்கவே மாட்டார்" என்று கோபமாகச் சொன்னாள். ஆபீஸ் முழுவதும் சிரித்தது. சப்-ரிஜிஸ்திரார் எழுந்து வந்து அவளைப் பார்த்துவிட்டுப் போனார். எங்கள் காரியம் அதற்குப் பிறகு கொஞ்சம் வேகமாக நடந்தது.

பழைய பத்திரத்தைப் பார்த்துப் புதியதை எழுதி முடித்துக் குமாஸ்தா உரக்கப் படித்தார். என் பெயர், அத்தா பெயர், பாலக்காட்டுத் தெரு, அப்புறம் "இப்போள் பினாங்கில் தாமசிக்கும்", அதாவது இப்போது பினாங்கில் குடியிருக்கும், என்று வந்தது. நான்கு வருஷத்துக்கு முன்னால் நான் சொல்லி எழுதிய வாசகம்தான். அதற்கு முன்னாலும் பதினான்கு வருஷமாக எந்தக் காகிதத்திலும் நான் அப்படித்தான் எழுதி வந்தேன். பாலக்காடு; தற்சமயம் பினாங்கு.

"அந்த 'இப்போள்' எத்தனை வருசத்துக்குங்க?" என்று கதீஜா குமாஸ்தாவைக் கேட்டாள்.

அவர் அதை வேடிக்கை என்று எடுத்துக்கொள்ளவில்லை. பத்திரத்தைத் திருப்பிப் பார்த்தார். அது வேண்டியதில்லை, பினாங்கில் தாமசிக்கும் என்றாலே போதும், வேண்டாமென்றால் அடித்துவிடலாம் என்று என்னைப் பார்த்தார். கதீஜாவும் பார்த்தாள். ஜமீலா ஜன்னலுக்கு வெளியே பஸ்ஸைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அடித்துவிடுங்கள் என்றேன்.

ஒரே கோடு. பத்திரத்தில் அடித்தால் பக்கத்தில் கையெழுத்துப் போட வேண்டுமாம். பேனாவைக் கொடுத்தார். இரண்டு எழுத்து எழுதிவிட்டு, அடித்த அந்த வார்த்தையையே பார்த்துக்கொண்டு நிறுத்திவிட்டேன். கதீஜா அதைக் கவனித்துவிட்டு, குமாஸ்தாவிடம், பேனா ரொம்ப மோசமாக இருக்கிறது, வேறு பேனா இருந்தால் கொடுங்கள் என்றாள்.